காணிக்கையில் என் பெயர்

"கணக்குல பதினோரு தாலாதான் இருக்கு," என்றாள் வங்கியில் இருந்த பெண். எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாருடைய கணக்கையோ பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"மூவாயிரத்துக்கு மேல இருக்கணும். நல்லாப் பாருங்க."

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். முந்தின நாள் பணம் எடுத்தவர் பெயர் சோலோமோனா. என் அம்மாவின் அண்ணன். அம்மா ஆக்லாந்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து அபியாவில் நான் வளர்ந்தது அவர் வீட்டில்தான். பள்ளிக்கூட நாளில் அந்தக் கணக்கைத் திறந்தபோது எனக்கு வயது போதவில்லை என்று அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு அதை நான் மாற்றவில்லை. மாமாவை நம்பவில்லை என்று ஊர் சொல்லுமே என்று பயம்.

சனிக்கிழமை தவறாமல் பேக்கரியில் தேங்காய்ப்பால் பன் விற்றுச் சேர்த்த பணம் அது. கல்லூரிக்கு ஒருமுறை ஒரு அம்மாள் வந்து பேசினாள். "படிப்பு முடிஞ்சதும் மூணு மாசத்துக்குக் கையில காசு இல்லேன்னா, கிடைச்ச வேலையில மாட்டிக்குவீங்க, கிடைச்ச வீட்டுல கிடப்பீங்க," என்றாள். மற்றவர்கள் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். கிடைச்ச வீட்டில் கிடப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இப்போது படிப்பும் முடிந்துவிட்டது. சவாயி தீவில், சலேலோலோகா படகுத்துறைப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதும் வேலை. முதல் சம்பளம் இரண்டாம் மாதக் கடைசியில்தான். அறைக்கு மூன்று மாத வாடகை முன்பணம். திங்கட்கிழமை படகு. அந்த அறைக்கு ஒரு கதவு உண்டு. அதை உள்ளிருந்து சாத்திக்கொள்ளலாம். பணம் போனால் அறையும் வேலையும் சேர்ந்து போகும்.

வீட்டுக்கு வந்தபோது மாமா தட்டில் சேப்பங்கிழங்கை வைத்துக்கொண்டு டிவியில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தார்.

"காசு எங்க மாமா?"

"ஆண்டவர்கிட்ட போகுது. ஞாயித்துக்கிழமை வருடக் காணிக்கை. போன வருசம் அந்தப் பெத்தேலோ நம்மள முந்திட்டான், மறந்துட்டியா?"

"அது என் ரூமுக்கு வெச்சிருந்தது."

"ரூமா? இவ்வளவு பெரிய வீடு இருக்கறப்ப ரூம் கேக்குதா? படிச்சவ நீ, இன்னும் நூறு மடங்கு சம்பாதிப்ப. அந்த மீனை இப்படித் தள்ளு."

மீனைத் தள்ளினேன். அழவில்லை. அழுதால் அத்தை தலையைத் தடவிக்கொடுப்பாள், மாமா ஜெபம் செய்வார், விஷயம் அத்தோடு முடிந்துபோகும். அது முடியக் கூடாது. அந்த மனிதர் ஊர் நடுவில் கூசி நிற்பதைப் பார்க்காமல் நான் படகு ஏறப்போவதில்லை.

எங்கள் சபையில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை மைக்கில் சத்தமாக வாசிப்பார்கள். மூத்த உதவிக்காரருக்குக் கண் மங்கியபின் வாசிப்பது நான்தான். எங்க வீட்டுப் பொண்ணு கணக்குப் படிச்சவ என்று போதகரிடம் ஒற்றைக் காலில் நின்று எனக்கு அந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர் மாமாவேதான்.

ஞாயிறன்று வெள்ளை உடுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெத்தேலோ குடும்பம், இரண்டாயிரத்து எண்ணூறு என்று வாசித்தேன். மாமா காலரைச் சரிசெய்துகொண்டார். அடுத்தது நாங்கள். தாளில் 'சோலோமோனா குடும்பம், மூவாயிரத்து இருபது' என்று இருந்தது.

"தலிதா. பேக்கரியில் வேலை செய்து சேர்த்தது. மூவாயிரம் தாலா."

என் பெயரை முதலில் வாசித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினேன்.

"சோலோமோனா. இருபது தாலா."

எங்கள் காணிக்கை உறையில் அவர் தன் பையிலிருந்து போட்டது அந்த ஒரு நோட்டுதான். நான் பொய்யாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமாவின் முகம் செத்துப்போனது. எனக்கு மனசு குளிர்ந்தது.

ஆனால் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர். எழுந்து இரண்டு கைகளையும் விரித்தார். "என் மருமக! முழு மனசோட குடுத்திருக்கா. ஆண்டவர் அவளுக்கு இரட்டிப்பாத் தருவாரு!" சபையே கைதட்டியது. இனி அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் கிடையாது. என் காணிக்கை என்று மைக்கில் சொன்னவள் நான்தானே. உட்காரும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து கூடத்தில் விருந்து. என் வயதுக்காரர்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுவோம். அன்று போதகரின் மனைவி என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பெரியவர்களோடு உட்காரவைத்தாள். பன்றியின் தொடைக்கறி முதலில் எனக்கு வந்தது. எதிரே மாமா. அவருக்குப் பக்கத்தில் பெத்தேலோ.

"போதகரய்யா," என்றேன். கூடம் முழுக்கக் கேட்கும் குரல் எனக்கு உண்டு. "நாளைக்கு சவாயிக்கு வேலைக்குப் போறேன். மூணு மாச ரூம் வாடகையை மாமாதான் தர்றாரு. நீ ஆண்டவருக்குக் குடுத்ததை நான் உனக்குக் குடுப்பேன், என் பிக்கப் வண்டிய வித்தாவது குடுப்பேன்னு சொன்னாரு."

அன்று நான் சொன்ன முதல் பொய் அது. நாக்கு கொஞ்சமும் குழறவில்லை.

"அப்படியா சொன்னாரு?" போதகருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வண்டிய வேற யாருக்கும் குடுத்துடாதீங்க அண்ணே," என்றார் பெத்தேலோ, வாயெல்லாம் பல்லாக. "நானே எடுத்துக்கறேன். இன்னிக்கே ரொக்கம்."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் சாப்பிடவில்லை. போதகர் கைதட்டுவதற்காக இரண்டு கைகளையும் தூக்கி வைத்துக்கொண்டு மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கறித்துண்டைப் பாதி தூக்கியிருந்தார். அதிலிருந்து கொழுப்பு மணிக்கட்டு வழியாக வெள்ளைச் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.