பின்சீட்டில் ஒரு விசுவாசி

சபையில் சந்தோஷ் சாட்சி சொல்ல எழுந்தால் பெண்கள் பக்கம் கைக்குட்டைகள் வெளியே வரும். அவ்வளவு உருக்கமாகப் பேசுவார். "பாரத்தை அவர்மேல இறக்கி வெச்சிட்டு நிம்மதியா இருங்க. அவரு பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு உட்காரும்போது அவர் முகத்தில் அப்படி ஓர் அமைதி இருக்கும்.

அதே சந்தோஷ் வீட்டில் குடும்ப ஜெபம் முடிந்து படுத்த பிறகு, கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று எழுந்து பார்ப்பார். திரும்பப் படுப்பார். வாசல் தாழ்ப்பாள் நினைவுக்கு வரும். மறுபடி எழுவார்.

"ஏங்க, வீட்டை ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சிட்டுத்தானே படுத்தீங்க?" என்று இருட்டில் பிரவீனாவின் குரல் வரும். "அவரு டியூட்டி ஒழுங்கா பாக்கறாரான்னு எத்தன தடவ எழுந்து செக் பண்ணுவீங்க? பாவங்க அவரு."

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை சந்தோஷின் வேலை. எது விரிசல் விடும், எது உடையும் என்று நாள் முழுதும் தேடுகிற கண். அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். பிரவீனா மத்திகிரியில் பிறந்து வளர்ந்தவள். காய்கறிக்காரரிடம் தெலுங்கில் பேரம் பேசி, கண்டக்டரிடம் கன்னடத்தில் சண்டை போட்டு, கணவரைத் தமிழில் கிண்டல் செய்வாள்.

ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தும், மகள் ஷெரின் பிறந்த பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. இப்போது பாகலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பள்ளியில் அவளைக் கூப்பிட்டார்கள். காலை நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

"ஸ்கூட்டி கத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"ஜெபிக்கலாம்" என்றார் சந்தோஷ்.

அந்த வீட்டில் 'ஜெபிக்கலாம்' என்றால் வேண்டாம் என்று பொருள். ஷெரினுக்கே அது தெரியும். ஒருமுறை நாய்க்குட்டி கேட்டதற்கும் அதே பதில் கிடைத்திருந்தது.

பக்கத்து வீட்டு முனிலட்சுமி செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு ஸ்கூட்டியில் போய்வருகிறவள். பிரவீனா அவளிடம் போய், "எனக்குச் சொல்லித் தர்றியா முனி?" என்றாள். சந்தோஷ் கம்பெனி பஸ் ஏறியதும் இருவரும் சபைக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குப் போனார்கள். பிரவீனா முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். ஒருநாள் புதருக்குள்ளேயே போய் நின்றாள். "பிரேக்கைப் பிடி அக்கா, ஆக்சிலேட்டர இல்ல!" என்று முனிலட்சுமி கத்துவது சபையில் மணியடிக்கும் கோயில்குட்டியின் வீட்டுக்குள் வரை கேட்டதாம். ஆனால் டிசம்பர் பிறப்பதற்குள் நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் வாங்கிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சந்தோஷ் கீழே விழுந்தார். மின்விசிறியின் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க ஸ்டூல் மேல் ஏறினார். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. ஸ்டூல்தான் ஆடிவிட்டது. கணுக்காலில் எலும்பு விரிசல். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு.

"ஃபேனு நல்லாருக்குதாங்க?" என்று ஆஸ்பத்திரியில் அக்கறையோடு கேட்டாள் பிரவீனா.

கட்டோடு இருந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை வந்தது. அவரோடு வேலை பார்க்கும் அன்புமணி உத்தனப்பள்ளி தாண்டி ஒரு கிராமத்தில் வீடு கட்டி, ஸ்தோத்திர ஜெபத்துக்கு எல்லாரையும் அழைத்திருந்தார். ஆயர் ஊரில் இல்லாததால் தேவசெய்தி கொடுக்க வேண்டியவர் சந்தோஷ். தலைப்பு: விசுவாசம். காலையில் வருவதாகச் சொன்ன ஆட்டோக்காரர் போனை எடுக்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. முனிலட்சுமியின் ஸ்கூட்டியில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு பிரவீனா உட்கார்ந்திருந்தாள்.

"யாரு ஓட்டறது?" என்றார் சந்தோஷ்.

"உங்களால முடியும்னா நீங்க ஓட்டுங்க."

"நீ எப்ப கத்துக்கிட்ட?"

"நீங்க ஜெபிச்சுக்கிட்டு இருந்தீங்கள்ல, அப்ப."

அவர் மறுபடி ஆட்டோக்காரருக்குப் போன் போட்டுப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல், கட்டுப்போட்ட காலை நீட்டி ஒருபக்கமாகப் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

"சேலை ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள் பிரவீனா.

முனிலட்சுமியோடு நின்ற ஷெரின், "அப்பா, பயமா?" என்று கேட்டாள்.

"சே சே" என்றார் சந்தோஷ், பின்னாலிருந்த கம்பியை இரு கைகளாலும் பிடித்தபடி.

ராயக்கோட்டை சாலையில் பனி இன்னும் விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவர் சத்தமாகவே ஜெபித்தார். லாரி கடக்கும்போதெல்லாம் ஜெபத்தின் சத்தம் கூடியது. நடுவில் வேறு வாக்கியங்களும் வந்தன. "ஆண்டவரே, உம்முடைய கரத்தில், ஏ பிரவீனா லெஃப்ட்ல போ, எங்களை ஒப்புக்கொடுக்கிறோம், மெதுவா, மெதுவா."

"அவருகிட்டப் பேசறீங்களா, எங்கிட்டப் பேசறீங்களா? யாருன்னு தெரிஞ்சா மத்தவங்க அவங்க வேலையப் பாக்கலாம்."

சானமாவு காட்டுப் பகுதியில் முன்னால் போன டெம்போ சட்டென்று நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, "ஆனே! ஆனே! காடி ஆஃப் மாடி!" என்று கன்னடத்தில் அடங்கிய குரலில் சொன்னார். பிரவீனா வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். ராகி அறுவடைக் காலம். யானைகள் இரவெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பும் நேரம்.

பனிக்குள்ளிருந்து ஒரு பெரிய யானை சாலையில் ஏறியது. பின்னால் இன்னும் இரண்டு. கடைசியில் ஒரு குட்டி. பெரியவை கடந்துவிட்டன. குட்டி மட்டும் நடுச்சாலையில் நின்று, ஸ்கூட்டியையும் அதில் நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் காலையும் வேடிக்கை பார்த்தது. அதன் தாய் திரும்பி, இவர்களைப் பார்த்தபடி ஓரடி முன்னால் வைத்தது.

சந்தோஷால் ஓட முடியாது. பிரவீனா தனியாக இறங்கி ஓடியிருக்கலாம். அவள் இறங்கவில்லை. தரையில் இரு கால்களையும் அழுத்தி ஊன்றி வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள். சந்தோஷின் கைகள் கம்பியை விட்டுவிட்டு அவள் தோளைப் பற்றின.

தாய் யானை தும்பிக்கையால் குட்டியின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டியது. குட்டி ஓடிப்போய்க் காட்டில் புகுந்தது. தாயும் போயிற்று.

டெம்போ கிளம்பிய பிறகும் ஸ்கூட்டி கிளம்பவில்லை. ஹெல்மெட்டுக்குள் பிரவீனா அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்குப் பயமாயிருச்சுங்க. பிரேக் எதுன்னே மறந்துபோச்சு."

சந்தோஷ் அவள் முதுகில் கைவைத்தார். "அவசரமில்ல. கொஞ்ச நேரம் நிப்போம்."

"லேட்டாகுது."

"ஆகட்டும். இடது பக்கம் இருக்கறது பின் பிரேக்கு. நான் உன்னப் பிடிச்சிக்கிறேன், நீ மூச்சை விடு."

சற்று நேரத்தில் வண்டி கிளம்பியது. மீதி வழியில் அவர் கண்ணைத் திறந்துகொண்டு வந்தார். பனி விலகிய ராகிக் கொல்லைகளையும் மாந்தோப்புகளையும் பார்த்தார். இடப்பக்கம், வலப்பக்கம் என்று எதுவும் சொல்லவில்லை.

அன்புமணியின் வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். சந்தோஷ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"விசுவாசத்தப் பத்தி நெறைய தயார் பண்ணிட்டு வந்தேன். சானமாவுல யானை நின்னப்ப அதுல ஒரு வரிகூட ஞாபகம் வரல. ஆண்டவரே, இவளக் காப்பாத்தும்னு மட்டுந்தான் உள்ளுக்குள்ள ஓடுச்சு. எனக்கு இருக்கற விசுவாசம் அவ்வளவுதான்னு இன்னிக்குத் தெரிஞ்சுது. அந்தக் கொஞ்சத்தையும் அவரு கேட்டாரு." அத்தோடு பாட்டு ஒன்றைத் தொடங்கச் சொன்னார். அவர் பேசியதிலேயே மிகச் சிறிய தேவசெய்தி அதுதான். பிரியாணி ஆறுவதற்குள் முடிந்ததில் பலருக்கும் திருப்தி.

திரும்பும்போது பிரவீனா கேட்டாள். "அது என்ன, என்னைய மட்டும் காப்பாத்தச் சொன்னீங்க? ஷெரினுக்கு அப்பா வேணாமா?"

"ஏட்டி, நீ ஓட்டினாத்தானே நான் வீடு போய்ச் சேர முடியும்?" என்றார் சந்தோஷ்.

அவள் சிரித்த சிரிப்பில் வண்டி ஒருமுறை லேசாக ஆடியது. அவர் பதறினார். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது பிரவீனா சொந்த ஸ்கூட்டியோடு வேலையில் சேர்ந்தாள். முதல்நாள் காலை, கட்டுப் பிரித்த காலோடு சந்தோஷ் வாசலுக்கு வந்து அவள் ஹெல்மெட்டின் மேல் கைவைத்து ஜெபித்தார். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால், ஜெபத்தைச் சுருக்கமாகவே முடிக்க வேண்டியிருந்தது.