தரையிலிருந்து உயரம்

வானிலைத் தரவுப் பிரிவின் தலைவரை அலுவலகத்தில் எல்லோரும் பெரியவர் என்றே சொல்வார்கள். வயது மட்டும் காரணமல்ல. அவர் கையெழுத்துப் போட்ட எண்ணை இரண்டாம் தடவை சரிபார்க்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம்தான். அதற்குள் பழைய கோப்புகளையெல்லாம் புதிய அமைப்புக்கு மாற்றியாக வேண்டும். வெறும் எண்களாக அடுக்கி வைத்தால் போதாது. ஒவ்வொரு வரிசைக்கும் அதன் பெயர், அலகு, எந்தக் கருவி, அது தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருந்தது, அளந்தவர் யார் என்பதெல்லாம் கோப்பின் தலைப்பிலேயே இருக்க வேண்டும். ஐம்பது வருஷம் கழித்துத் திறந்து பார்க்கிறவன் நம்மைக் கூப்பிட்டா கேட்கப் போகிறான்?

பக்கத்து மேசையில் நிரல் எழுதும் பெண்மணிக்குக் கமா என்று பட்டப்பெயர். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் ஊரைக் கூட்டிவிடுவார்.

"சார், குன்று நிலையத்துக் கோப்பு நாலு உள்ளே போக மாட்டேங்குது," என்றார் கமா. "உயரம்ங்கிற கட்டம் காலியா இருக்கு. மேற்கு வெப்பநிலை, கிழக்கு வெப்பநிலைன்னு ரெண்டு வரிசை. எது எவ்வளவு உயரத்துல இருந்துச்சுன்னு ஒரு குறிப்பும் இல்ல. போதாததுக்கு நாலு வருஷத்துக்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்துலயும் 'சந்தேகம்'னு குறி! அளந்தவர் குன்று ஏறாமலே கதை எழுதிட்டார் போல."

பெரியவர் சிரிக்கவில்லை. "அதை நான் பார்த்துக்கிறேன்," என்றார்.

அளந்தவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. இப்போது அலுவலகத்தில் இருக்கும் யாருக்கும் அது தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

குன்றின் மேல் நிலையக் கட்டடத்துக்கு மேற்கே ஒரு கம்பம், கிழக்கே ஒரு கம்பம். நடுவில் நூறு அடி இருந்தால் அதிகம். தம்பி அனுப்பிய எண்களின்படியோ, வானம் தெளிந்த ஒவ்வொரு இரவும் மேற்கு கிழக்கைவிட மூன்று டிகிரி சூடு. நூறு அடி நடந்தால் பருவம் மாறிவிடுமா என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் விசாரணை வைத்தார்கள். தம்பி எழுந்து நின்று ஒரே பதில்தான் சொன்னான்: "மேல எடுத்ததை மேல்னு எழுதினேன். கீழ எடுத்ததைக் கீழ்னு எழுதினேன். நோட்டு இருக்கு, பாருங்க." திமிரில் பேசுகிறான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். எண்கள் கணினியில் இருக்கும்போது நோட்டு எதற்கு? இட்டுக்கட்டிய அளவுகள் என்ற அறிக்கையில் முதல் கையெழுத்து அண்ணனுடையது. சொந்த ரத்தம் என்று வளைந்து கொடுத்தான் என ஒரு வாய் பேசிவிடக் கூடாதே! அன்று மாலையே தம்பியிடம் சொன்னார்: "நம்ம வீட்டுப் பேரைச் சந்தி சிரிக்க வெச்சிட்டே. இனி என் வாசப்படியை மிதிக்காதே." தம்பி மிதிக்கவில்லை.

இப்போது உயரம் என்ற அந்த ஒரு கட்டத்துக்காக, பெரியவர் இரும்பு அலமாரியைத் திறந்து நோட்டைத் தேடி எடுத்தார். முதல் பக்கத்தில் தம்பியின் உருண்டைக் கையெழுத்து.

'புயலில் கிழக்குக் கம்பம் விழுந்துவிட்டது. இன்று முதல் இரண்டு கருவிகளும் ஒரே கம்பத்தில். மேல்: முப்பது மீட்டர். கீழ்: இரண்டு மீட்டர்.'

தேதியைப் பார்த்தார். அந்த நாலு கோப்பும் தொடங்கும் வருஷம்.

அதுவரை தாள்களில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. அந்த வருஷத்திலிருந்து மேல் என்றால் உச்சி, கீழ் என்றால் அடி. சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. முந்தின வருஷக் கோப்பின் தலைப்பை அப்படியே நகலெடுத்துப் புதுக் கோப்புக்குப் போட்டது யார்? அவரேதான். தெளிந்த இரவில் தரைதான் முதலில் குளிரும், மேலே காற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். இது முதல் வருஷ மாணவனுக்கும் தெரியும். தம்பி எழுதிய எண்கள் ஒன்றுகூடப் பொய்யில்லை.

உயரங்களை நிரப்பினார். பெயர்களைத் திருத்தினார். சந்தேகக் குறிகளை நீக்கினார். மாற்றங்களைப் பதியும் வரலாற்றுக் கட்டத்தில், 'பெயரிடலில் பிழை நேர்ந்திருந்தது. திருத்தப்பட்டது' என்று எழுதி, ஏற்றுவதை மறுநாளைக்கு வைத்துவிட்டு, மதியமே தம்பி வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டின் முன்னறைதான் தம்பியின் கடை. மின்விசிறி மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வாங்க. வழி மறந்திருக்கும்னு நெனச்சேன்."

பெரியவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தம்பி கம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை.

"நோட்டைப் பிரிக்க இருபத்திரண்டு வருஷமா? பரவாயில்ல. உங்க ஆபீசுக்கு இது வேகம்தான்."

"கோப்பைத் திருத்திட்டேன்டா. உன் மேல இனி ஒரு குறியும் இல்ல."

"என்னன்னு எழுதினீங்க?"

சொன்னார்.

"பிழை நேர்ந்திருந்தது." தம்பி அதை வாயில் போட்டு மென்று பார்த்தான். "மழை பெய்திருந்ததுங்கிற மாதிரி. அதுவா நேர்ந்துச்சா அண்ணே? எனக்கு மட்டும் பேர் போட்டுத்தானே எழுதினீங்க?"

பெரியவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அம்மா கடைசியா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. 'ஏன்டா அப்படிப் பண்ணினே'ன்னு. அவங்களுக்கு எந்தக் கோப்புல திருத்தம் போடுவீங்க?"

மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தார். அறுபது வயது வரை புழங்காத சொல், அன்றும் வரவில்லை.

"கடையைச் சாத்தணும்," என்றான் தம்பி. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த வரியை அழித்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: 'மேல், கீழ் என்பவை உயரத்தைக் குறித்தவை. அவற்றை மேற்கு, கிழக்கு என்று தவறாகப் பதிந்தவன் நான். அளந்தவர் தம் நோட்டில் சரியாகவே எழுதியிருந்தார். நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. இட்டுக்கட்டிய அளவுகள் என்ற அறிக்கை தவறானது. அதில் கையெழுத்திட்டவனும் நானே.' அடியில் முழுப்பெயர்.

கமா எட்டிப் பார்த்துப் பதறினார். "சார், இந்தக் கட்டத்துல ஒரு தடவை ஏத்திட்டா அழிக்கவே முடியாது. யார் திறந்தாலும் உங்க பேர்தான் முன்னாடி நிக்கும். ஓய்வு பெறப்போற நேரத்துல எதுக்கு சார்? பொதுவா எழுதிட்டுப் போலாமே."

"பொதுவாத்தான் எழுதியிருந்தேன்மா. சரிப்படல."

ஏற்றினார். நாலு கோப்பும் இந்த முறை தடையில்லாமல் உள்ளே போயின. கமா தலைப்பைக் கடைசியாக ஒருமுறை வாசித்தார். அளந்தவர் பெயரில் வந்து நின்றார்.

"ரெண்டு பேருக்கும் அப்பா பேர் ஒண்ணா இருக்கே. சொந்தமா சார்?"

"தம்பி."

'கதை எழுதிட்டார்' என்று தான் நேற்றுச் சொன்னது கமாவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் சிவந்து, விசைப்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்களுக்குத் தம்பி இருக்கார்னே தெரியாது சார். எங்க இருக்கார்?"

"இங்கதான். நாலு தெரு தள்ளி."

"அப்போ கூப்பிட்டுச் சொல்லுங்க சார். சந்தோஷப்படுவார்."

பெரியவர் அடுத்த கோப்பைத் திறந்தார்.