எங்க வச்சீங்க?

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையொன்றில் வேலை பார்த்த அன்புராஜ், கொதிக்கும் உலைக்குள் தவறி விழுந்து செத்துப்போனான். அவன் மனைவி கிறிஸ்டினாவிடம் கொடுக்க உடல் என்று எதுவும் மிஞ்சவில்லை. உலையிலிருந்து எடுத்து ஆறவைத்த ஓர் இரும்புக் கட்டியைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

ஆலை வாசலில் அவள் மேலாளரிடம் கேட்டாள்.

"இதுலதான் அவரு இருக்காருன்னு இன்னா நிச்சயம் சார்? மிச்ச இரும்பெல்லாம் எங்க வச்சீங்க? சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கினு போறேன்."

அவர் கேட்டுக்குள் திரும்பிப் போனார்; அந்த உலை இரும்பெல்லாம் கட்டடக் கம்பியாகி லாரிகளில் ஊர் ஊராகப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. பெட்டியைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு கம்பி லாரிகள் அவளை விடவில்லை. வேலைக்குப் போகும் வேன் நெடுஞ்சாலையில் ஏறினால், முன்னால் ஒரு லாரி கம்பிகளை வாலாக நீட்டிக்கொண்டு போகும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கம்பிகள் ஒன்றோடொன்று உரசும். அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து அன்புராஜ் கூப்பிடுவான். "கிறிஸ்டி..." அவள் நிமிர்வதற்குள் லாரி தாண்டிப் போயிருக்கும்.

ஒருநாள் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தில், தூணில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூட வந்திருந்த பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் பதறிப்போய் அவளை இழுத்து வந்தாள்.

"பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போயி ஒரு கயிறு கட்டிக்கினு வரலாம், வாடி."

"வேணாங்க்கா. பேயா இருந்தா ஓட்டலாம். இவரு என் புருஷன்."

அவளுடைய சபையார் தங்கள் பழைய ஓட்டுத் தேவாலயத்தை இடித்துக் கான்கிரீட் கட்டடம் எழுப்பத் தொடங்கினார்கள். வாசலில் கம்பிக் கட்டுகள் வந்து இறங்கிய வாரமே அவள் ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் ஜெபிக்க உட்கார்ந்தாலும் வாயில் வந்தது 'எங்க வச்சீங்க?' என்ற அந்த ஒரு கேள்விதான்.

கட்டடம் முடியாததால் ஈஸ்டர் விடியல் ஆராதனையைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். "நானும் வர்றேன், கெளம்பு" என்று குப்பம்மாள் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். இருவரும் கடைசியில் நின்றார்கள்.

போதகர் எபினேசர் வேதத்தை வாசித்தார். கல்லறையில் இயேசுவின் உடலைக் காணாமல் மரியாள் அழுது நிற்கிறாள். எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டு, அவரை எங்கே வைத்தீர் என்று சொல்லும், நானே போய் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள்.

கிறிஸ்டினா சின்ன வயதிலிருந்து வருஷம் தவறாமல் கேட்ட பகுதி. அந்தப் பெண்ணின் குரல் இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

குப்பம்மாள் அவள் தோளை இடித்தாள். "ஏய், நீ கேட்டதத்தான் அந்தம்மாவும் கேட்டுச்சா? யாருனா பதில் சொன்னாங்களா?"

"எங்க வச்சோம்னு யாரும் சொல்லலக்கா. அவ தேடுனவரே உயிரோட எதிர்ல நின்னுக்கினு இருந்தாரு. பேரு சொல்லிக் கூப்ட்டாரு..."

கிறிஸ்டினா மண்ணிலேயே உட்கார்ந்து, இத்தனை நாளும் வராத அழுகையை அழுது தீர்த்தாள். பாட்டு முடிந்து சனம் கலைந்த பிறகும் குப்பம்மாள் அவளை எழுப்பவில்லை.

கம்பி லாரிகள் அதன் பிறகும் போயின. சத்தமும் கேட்டது. அவன் அந்த இரும்பில் இல்லை, கர்த்தரிடம் இருக்கிறான் என்று அவள் நம்பத் தொடங்கியிருந்தாள். சில நாள் அந்த நம்பிக்கை உறுதியாக நிற்கும். சில நாள் வேன் ஏறும்போதே கழன்றுவிடும்.

மழைக்காலத்தில் வேறோர் ஆலையில் கொதிகலன் வெடித்தது. வேலை முடிந்து திரும்பும்போது, மூடிய கேட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் இளம்பெண் நனைந்து நிற்பதைக் கிறிஸ்டினா பார்த்தாள். வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"பேரு இன்னாம்மா?"

"நந்தினி. உள்ள என் ஊட்டுக்காரரு... ஒண்ணுமே சொல்ல மாட்டேன்றாங்கக்கா."

கிறிஸ்டினா தன் துப்பட்டாவை அவள் தலையில் போர்த்தினாள்.

"நானும் இப்டி நின்னவதான், நந்தினி. இப்டி வந்து உக்காரு. அவங்க சொல்ற வரிக்கும் நான் எங்கியும் போவல."