பாகலூரில் குடியிருக்கும் குரல்

ஈஸ்டர் முடிந்த மூன்றாம் ஞாயிறு, காலைப் பூசையின் நடுவில் ஃபாதர் ராயப்பனின் குரல் அவரை விட்டு நீங்கி, பாகலூரில் சென்னம்மாவின் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தது. சூளகிரிப் பக்கத்துக் கோயிலில் ஜனங்கள் அவர் உதடு அசைவதை மட்டும் பார்த்தார்கள். முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் களி கிண்டிக்கொண்டிருந்த சென்னம்மா, மீதிப் பூசையை முழுசாகக் கேட்டு ஆமென் சொன்னாள். ஓசூர் டாக்டர், தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சென்னம்மா ரோஜாப் பண்ணையில் பூக்கட்டுப் போடுகிறவள். ஆறு வருடம் முன்பு லாரி மோதி இறந்த அவள் புருஷனை அடக்கம் செய்தவர், அப்போது பாகலூர்ப் பக்கம் பங்குச்சாமியாராக இருந்த ராயப்பன். அதன் பிறகு, ஏற்றுமதிக்கு ஆகாத, காம்பு வளைந்த பூக்களை அவள் பீடத்துக்குக் கொண்டுவருவாள். பூச்சாடியில் தண்ணீர் ஊற்றுகிற நேரத்துப் பேச்சு வருடக்கணக்கில் நீண்டது. ஐம்பதாவது வயதில் அவர் ஆயரிடம் போய், அவளைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும், குருவாகவே இருக்கவும் வேண்டும் என்று கேட்டார்.

“இயேசுவோட சீடரு, அந்த ராயப்பருக்கே மாமியார் இருந்தாங்களே, ஆண்டவரே. காய்ச்சல்ல கெடந்தவங்கள இயேசுதானே கையப் புடிச்சுத் தூக்கிவிட்டாரு? எங்களுக்கு மட்டும் ஏன் கூடாது?”

வயதான ஆயர் கோபப்படவில்லை. “சட்டத்த நான் போடலப்பா. என்ன அதுக்குக் காவலுக்கு வச்சிருக்காங்க, அவ்ளோதான். ரோமுக்கு எழுதறேன். பதில் வர்ற வரைக்கும் அந்த வீட்டுக்குப் போகாத, போன்லயும் பேசாத.”

சூளகிரிக்கு மாற்றலும் போட்டார். ராயப்பன் கீழ்ப்படிந்தார். ஒரு மாதத்தில் குரல் போனது. குரலைப் பற்றி ஆயர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதனால் மாலை ஜெபத்துக்குப் பின் அன்றன்றைய சங்கதிகளை உதட்டால் சொல்லிவந்தார். அவள் பதில் சொன்னாளா என்று அவருக்குத் தெரியாது. காதுகள் அவரோடுதான் இருந்தன.

ஆவணியில் அவளுக்கு மஞ்சள் காமாலை முற்றியது. பக்கத்து வீட்டுக் கெம்பம்மா பஸ் ஏறி வந்து, “தாங்காது சாமி, ஒருக்கா வந்துருங்க” என்றாள். பஸ் நிறுத்தம் வரை போனவர், கொடுத்த வார்த்தையை மீற முடியாமல் பாகலூருக்கு ஏறவேண்டிய ஓசூர் பஸ்கள் மூன்றை விட்டுவிட்டுத் திரும்பி, கோயிலுக்குள் முழங்காலிட்டார். நல்மரண ஜெபம் பாகலூர் அடுப்படியில் தெளிவாகக் கேட்டது. அவள் கட்டிலை அங்கேதான் இழுத்துப் போட்டிருந்தார்கள். பொழுது சாய்கையில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த கெம்பம்மாவிடம், ‘பதில் ஏதாவது சொன்னாளா?’ என்று தாளில் எழுதிக் காட்டினார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“தெனமும்தான் சொன்னா. நீங்க பேசி முடிச்சதும், ‘சாப்ட்டீங்களா சாமி’ன்னு கேப்பா. கடைசி அன்னிக்கி மட்டும் அப்பிடிக் கேக்கல. ‘சாப்ட்டியா ராயப்பா’ன்னு கேட்டா.”

அவர் உதடு லேசாக அசைந்தது. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் அந்நேரம் ‘இன்னும் இல்ல’ என்று கேட்டதாக எதிர்வீட்டார் சொல்கிறார்கள்.

ரோமிலிருந்து இதுவரை பதில் இல்லை. பங்கு மக்கள் உதட்டைப் பார்த்தே பதிலுரை சொல்லப் பழகிவிட்டார்கள். பாகலூர் வீட்டில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஃபேக்டரித் தொழிலாளிகள் நான்கு பேர் குடியிருக்கிறார்கள். தமிழ் தெரியாது. ஞாயிறு காலை ஏழரைக்கு அடுப்படியில் பூசை தொடங்கினால், முடியும் வரை அவர்கள் குக்கர் வைப்பதில்லை.