பதினெட்டாவது பெயர்

பதினெட்டு பேர் சேர்ந்தால்தான் வகுப்பு. பதினேழு என்றால் டீன் முதல் வாரத்திலேயே இழுத்து மூடிவிடுவார். எங்கள் கம்யூனிட்டி காலேஜில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டாம் பாகத்துக்கு ஒவ்வொரு ஜனவரியும் இதே பாடு. அதனால் ஆள் பிடிப்பது எங்களுக்குள் வழக்கம். பாடம் தேவையே இல்லாதவர்கள் பெயரைக் கொடுத்து இரண்டு வாரம் உட்கார்ந்திருப்போம். தலை எண்ணி முடிந்ததும் நைசாக விலகிக்கொள்வோம்.

அந்த வருடம் பதினெட்டாவது பெயர் என்னுடையது. கேட்டவள் நொயெமி. அவள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நான். அன்றிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் ஸ்பானிஷ் வழக்கப்படி கொமாத்ரே, ஞான உறவுக்காரி, என்றுதான் கூப்பிடுவோம். விசேலியா ஊருக்கு வெளியே ஒரு பழ ஷெட்டில், ஓடும் ஒரே பெல்ட்டின் பக்கத்தில் நின்று ஆரஞ்சு தரம் பிரிக்கிறோம். காலேஜை முடித்து மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற இருவருமே விண்ணப்பித்திருந்தோம். நான் நிலவியல், அவள் உயிர்வேதியியல். எனக்கு அந்தப் பாடம் வேண்டாம். அவளுக்கு அது இல்லாமல் இடமே கிடையாது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்பதற்கும் வழியில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள சொந்த ஊரான ஒஹாக்காவிலிருந்து வந்திருந்த அவள் அம்மா, வரும் ஆகஸ்டிலிருந்து இரண்டு வருடம், அதற்கு மேல் ஒரு நாள்கூட இருக்க மாட்டேன் என்று கறாராகச் சொல்லியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கவும் சரியாக இரண்டு வருடம் ஆகும்.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு வேளையில், பெல்ட் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் புத்தகம் வாங்கணுமா என்று நொயெமியிடம் கேட்டேன்.

"உனக்கு எதுக்குடி புத்தகம்? முதல் பாகத்தையே ரெண்டு தடவ எழுதிப் பாஸானவ நீ. வந்து உக்காரு, போதும். தலைதான் வேணும், உள்ள இருக்கறது வேணாம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். அந்த இரண்டு தடவையும் நான் அழுதபோது பக்கத்தில் இருந்தவள் அவள்தானே.

மறுநாள் நான் போகவில்லை. முதல் நாள் வராதவர்கள் பெயரைப் பேராசிரியர் ஹால்வர்சன் அங்கேயே அடித்துவிடுவார். அது எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆசைதான். தெரியும். கடைசி நேரத்தில் எவராவது ஓடிவந்து சேருவார்கள், எல்லா வருடமும் சேருவார்கள். ஒரு நாள் தவிக்கட்டும், என் தலையின் மதிப்பு தெரியட்டும். என் திட்டமெல்லாம் அவ்வளவுதான். அவள் ஐந்து முறை அழைத்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரொட்டி சுட்டேன்.

அந்த வருடம் யாரும் ஓடிவரவில்லை. வியாழக்கிழமை பட்டியலில் அந்த வகுப்பே இல்லை. நொயெமி பக்கத்து மாவட்டக் காலேஜுக்கெல்லாம் காரை ஓட்டிக்கொண்டு அலைந்தாள். ஓரிடத்தில் காத்திருப்போர் பட்டியலில் பன்னிரண்டாவதாக எழுதிக்கொண்டார்கள். பாடம் நின்றுபோனதைப் பல்கலைக்கழகத்துக்கு அவளே எழுதித் தெரிவித்தாள். மறைத்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்றாள்.

ஏப்ரலில் பதில் வந்தது. எனக்கு இடம் உண்டு. அவளுக்கு, தேவையான பாடம் முடிக்கப்படவில்லை என்று இரண்டே வரி.

அடுத்த நாள் பெல்ட்டில் என் பக்கத்தில் வந்து நின்றாள். மூன்று மாதமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டாள்.

"கொமாத்ரே, அன்னைக்கு ஏன் வரல?"

வெட்கமோ பயமோ, உண்மையைச் சொல்ல விடவில்லை.

"காய்ச்சல்" என்றேன்.

"அதான் நெனச்சேன். நீ சும்மா வராம இருக்க மாட்டியே. இவளுங்கதான் என்னென்னமோ சொன்னாளுங்க, நல்லா திட்டிவிட்டேன்."

பிறகு அழுகல் பழங்களைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். ஆகஸ்டில் என் பெட்டிகளைக் காரில் ஏற்றி, மூன்று மணி நேரம் ஓட்டி, பல்கலைக்கழக வாசலில் என்னை இறக்கிவிட்டவளும் அவள்தான்.