கார் ஷெட்டில் குடியிருந்தவள்

1

இது நானாக யோசித்த கதை இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் கிடைத்தது. வண்டியைப் பின்னால் எடுத்து ஷெட்டுக்குள் விடத் தெரியாமல் நான் விழித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் சொன்னாள்: "பதறாதீங்கக்கா. ஷெட்டுன்னா எனக்குந்தான் ஆகாது. நான் அதுலயே குடியிருந்தவ."

அன்று பாடம் அதோடு நின்றுபோனது.

2

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: 'ஜன்னலில்லாத அந்த அறையில் குழந்தை இருமிக்கொண்டே...'

படித்துக் காட்டினேன். "எனக்குக் குழந்தையே இல்லையேக்கா. நானும் என் மாமியாரும்தான். அவங்க இருமல, திட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க."

குழந்தையை அடித்துவிட்டேன். மாமியார் இருக்கட்டும்.

3

புருஷன் தவறிப்போன பிறகு மாமியாரும் மருமகளும் சேர்ந்தே இருந்தார்கள். வீட்டுக்காரர் தன் வீட்டுக்குக் கீழே இருந்த கார் ஷெட்டில் குறுக்கே ஒரு சுவர் எழுப்பி, மூலையில் கழிவறை கட்டி, 'சிங்கிள் ரூம்' என்று அவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். காற்று வேண்டுமென்றால் இரும்பு ஷட்டரைத் தூக்க வேண்டும். தூக்கினால் தெருவே உள்ளே வந்துவிடும். மழையில் சுவர் ஊறி, சுவிட்சைத் தொட்டாலே சுரீர் என்றது. சரிபண்ணித் தரச் சொன்னாள் டீச்சர்.

"காலி பண்ணிடும்மா" என்றார் வீட்டுக்காரர்.

"எதுக்கு சார்?"

"இது வீடே இல்ல. நகராட்சியில ஷெட்டுன்னுதான் பதிவாகியிருக்கு. ஷெட்டுல இருக்கறவங்களுக்கு என்ன உரிமை? புகார் பண்ணிப் பாரு, அவங்க முதல்ல வெளிய தள்றது உங்களைத்தான்."

லாரிக்காரர்களையே ஒதுங்க வைக்கிறவள் தானே ஒதுங்கி வந்துவிட்டாள். [இங்கே அவளை அழவைத்திருந்தேன். அழவில்லையாம். நேராக மாமியாரிடம் போய்ச் சொன்னாளாம். திருத்திவிட்டேன்.]

4

"வாடகை வாங்கறப்போ வீடு, சுவிட்சு மாத்தச் சொன்னா ஷெட்டா?" என்றார் மாமியார். "போய்க் கேட்டுட்டு வா."

நகராட்சி அலுவலகத்து வரிசையில் நிற்கும்போது திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது அவளுக்கு. தானே போய் மாட்டிக்கொள்கிற மாதிரி. ஆனால் அங்கிருந்த அதிகாரியம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"ஷெட்டை வீடுன்னு வாடகைக்கு விட்டது யாரு?"

"அவருதான்."

"அப்போ விதியை மீறினதும் அவருதான். நீங்க இல்ல. அனுமதியில்லாத இடமா இருந்தாலும் நீங்க வாடகைதாரர்தான்."

"எங்களைத் தெருவுல விட்டுடுவாங்களா மேடம்?"

"அங்க இருக்கவும் விட முடியாது, ஆபத்து. ஆனா சரிபண்ணி முடிக்கிற வரைக்கும் உங்களுக்கு வேற இடம் குடுக்கறது அவர் பொறுப்பு."

அழுகை அப்போதுதான் வந்ததாம்.

5

அதிகாரியம்மா நேரில் வந்து பார்த்தார். வீட்டுக்காரர் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். மாடி போர்ஷன் காலியாகக் கிடப்பது தெருவுக்கே தெரியும். கடைசியில் அவர் மனைவிதான் உள்ளே போய், புருஷன் முகத்தைப் பார்க்காமல், மாடிச் சாவியை எடுத்துவந்து டீச்சர் கையில் கொடுத்தாள்.

சாமான்களைக்கூடப் பிரிக்கவில்லை. மாமியார் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, வெறுந்தரையில் படுத்து, யாரையும் திட்டாமல் சாயங்காலம்வரை தூங்கினார். மூச்சு வருகிறதா என்று டீச்சர் இடையில் போய்ப் பார்த்தாளாம்.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்பதாக ஒன்று, டீச்சர் சிரித்துவிட்டாள். அவள் வழக்குப் போட்டு ஜெயிப்பதாக இன்னொன்று, "எனக்கு ஏதுக்கா நேரம்?" என்றாள். கீழே ஜன்னலுக்காகச் சுவரை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். முடிந்ததும் அவள் திரும்ப அங்கேயே...

"இறங்கிப் போவியா, வேற வீடு பாப்பியா?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. யாரும் விரட்டலேங்கறதே இப்போதைக்குப் போதும். நீங்க ரோட்டைப் பாருங்க."

கதையை முடித்தாக வேண்டும் என்பதற்காக அவளை மாடியிலிருந்து இறக்க எனக்கு மனமில்லை. நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள். அவள் முடிவுசெய்யும்வரை அங்கேயே இருக்கட்டும்.