மூடிய தாழ்வாரம்

தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஷஹ்லோ செம்பைச் சாய்த்தாள். பலகையில் கிடந்த முகத்தஸின் வலது தோளில் நீர் விழுந்து, கை வழியாக இறங்கி, விரல் நுனிகளில் சொட்டியது.

"மெதுவா ஊத்து, அவளுக்கு வலிக்கும்ல" என்றாள் பீபிசாரா. அந்த மஹல்லாவின் தெருக்களில் இருபது வருஷமாக மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவள். செத்தவர்களோடு பேசிக்கொண்டேதான் வேலை செய்வாள். "தலைய இந்தப் பக்கம் குடும்மா. ஆங், அப்படித்தான். நாப்பத்தாறு வயசுல என்னடி அவசரம் உனக்கு?"

முகத்தைத் துடைத்தவளின் கை நின்றது.

"ஷஹ்லோ, இங்க பாரேன். இந்தக் கன்னத்தப் பாரு, ஆப்பிள் மாதிரி. உதடு கூட சிவந்து கெடக்கு. எத்தன பேர குளிப்பாட்டியிருக்கேன்! எல்லாரும் மெழுகு மாதிரி வெளுத்துக் கெடப்பாங்க. இது நூர் எறங்குன முகம், அல்லாவோட வெளிச்சம். உன் மாமியார் கிட்ட நானே சொல்றேன்."

ஷஹ்லோ பார்க்கவில்லை. காலை ஆறு மணிக்கு டீ கொண்டுபோனபோதே பார்த்துவிட்டாள். கதவைத் திறந்ததும் அறையின் வெக்கை முகத்தில் அடித்தது. நாத்தனார் முகத்தஸ் போர்வையை இடுப்பு வரை தள்ளிவிட்டு, சுவர் ஹீட்டரின் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிற குழந்தைக்கு இருக்கிற மாதிரி முகம் சிவந்திருந்தது. தொட்டால் விறைப்பு. நான்கு நிமிஷம்தான் ஷஹ்லோ அங்கே நின்றாள். வெளியே வந்தபோது நெற்றிப்பொட்டில் விண்ணென்று தெறித்தது.

அவள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவள். வருஷா வருஷம் ஜனவரியில் அந்தப் பாடம் வரும். கார்பன் மோனாக்சைடு. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்கு இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் சிவப்பாகவே இருக்கும். "டீச்சர், வாசன வருமா?" என்று யாராவது கேட்பார்கள். வராது என்பாள். "நெறம்?" அதுவும் கிடையாது.

ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் வாசலிலேயே ஷூவைக் கழற்றத் தயங்கினார். பிரஷர் இருந்ததா என்று கேட்டார். இருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போட்டார்களா? இல்லை. இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

"இந்தக் காலையும் கழுவணும். ஊத்து" என்றாள் பீபிசாரா.

ஷஹ்லோ ஊற்றினாள்.

அக்டோபரில் ஹீட்டரை மாட்டியபோது இந்த அறைக்கு வெளியே தாழ்வாரம் திறந்தே கிடந்தது. பின்சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது. அதனால் குழாயைத் தாழ்வாரத்துப் பக்கமாகத்தான் விட முடிந்தது. கேஸ்காரர் சுவரில் துளை போட்டு, குழாயைச் செருகி, கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "இந்த ஹீட்டர் மூச்சு உள்ள இழுக்குறதும் இது வழிதான், வெளிய விடுறதும் இது வழிதான். வாய் வானத்தப் பாத்தே இருக்கணும். முன்னாடி எதையும் கொண்டாந்து வைக்காதீங்க. துணி கூட காயப் போடாதீங்கம்மா." அப்போது அவருக்கு டீ கொண்டுபோனது ஷஹ்லோதான். அதைக் கேட்டதும் அவள் மட்டும்தான்.

டிசம்பரில் காற்று திரும்பியது. தாழ்வாரத்தில் தையல் மிஷினைப் போட்டுப் பஞ்சு ரஜாய் தைக்கிற முகத்தஸ், விரல் மரத்து ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டாள். இரண்டு தடவை ஹீட்டரும் காற்றில் அணைந்தது. அவள் விவாகரத்தாகி அம்மா வீடு திரும்பி பதினோரு வருஷம். எதையும் வாய்விட்டுக் கேட்காதவள் அன்று தம்பியிடம் கேட்டாள். ஷஹ்லோவின் கணவன் இல்ஹோம் கதவு, ஜன்னல் செய்கிற தச்சன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கூரை முதல் தரை வரை சட்டம் அடித்து, தடித்த பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, ஒரு மரக்கதவும் வைத்து, தாழ்வாரம் முழுவதையும் மூடிவிட்டான்.

"அங்க குழாய் இருக்கே" என்று ஷஹ்லோ சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவள் எதையும் மெதுவாகத்தான் சொல்வாள்.

"இருக்கட்டுமே. வெளியதானே இருக்கு? ரூமுக்குள்ளயா இருக்கு?" என்றான் ஏணி மேலிருந்து.

முகத்தஸ் சிரித்தாள். "உன் பொண்டாட்டி காத்தடிச்சாலும் பயப்படுவா, அடிக்கலன்னாலும் பயப்படுவா. டீச்சரம்மா, நீங்க போய் எனக்கு ஒரு டீ போடுங்க. ராணி இன்னிக்கு அரண்மனையில உக்காந்து குடிக்கப்போறா."

ஷஹ்லோவும் சிரித்துவிட்டு டீ போடப் போனாள்.

கஃபன் துணியைச் சுற்றி முடித்து மையித்தை நடு அறைக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பீபிசாரா சொன்னபடியே மாமியார் ரோபியாவின் தோளைப் பிடித்து எல்லோர் காதிலும் விழும்படி நூர் விஷயத்தைச் சொன்னாள். விடிந்ததிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்த ரோபியா முதல் முறையாக நிமிர்ந்தாள். "அப்படியா? அப்படியா சொல்ற?" என்று இரண்டு தடவை கேட்டாள். மகளின் முகத்துக்கு மேல் குனிந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள். "வலிக்காமதான் போயிருக்கா" என்றாள் பிறகு.

வாசலில் ஆண்களின் குரல் கேட்டது. இல்ஹோம் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டி, தடியை ஊன்றி வாசலருகே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி "அக்கா! என் அக்கா!" என்று அழுதுகொண்டிருந்தான். அது முறை. ஆனால் அவன் குரல் முறைக்கு அப்பால் எங்கோ போய் உடைந்தது.

இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று ஷஹ்லோவுக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் இரண்டு தெரு தள்ளி, புகைவாயுவில் புருஷனும் பெண்டாட்டியும் செத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் அறுத்து, மூன்றாம் நாள் தைத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கே அடக்கம் பண்ண வேண்டியதற்கு மூன்று நாள். அந்த மஹல்லா இன்னும் அதைப் பேசி முடிக்கவில்லை. கூடவே போலீஸ் வரும். தாழ்வாரத்தை யார் மூடினது என்று கேட்கும். வாசலில் நிற்கிறவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மதியத் தொழுகை முடியட்டும். மையித்து நல்லபடியாகப் போகட்டும். அதுவரை ஹீட்டரை அணைத்து வைத்தால் போதும்.

காலையில் செய்த முதல் காரியமே அதுதான். இப்போது போய்ப் பார்த்தாள். முகத்தஸின் அறையில் ஹீட்டரின் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் சுடர் ஆடிக்கொண்டிருந்தது. நீலமாக இருக்க வேண்டிய சுடர்.

குமிழைத் திருகி அணைத்தாள்.

"யாரது?" மாமியாரின் தங்கை துர்சுனோய் கம்பளத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தகவல் கேட்டதும் கோகந்திலிருந்து பஸ் பிடித்து வந்தவள். "காலையில நாந்தான் பத்த வச்சேன். எதுக்கு அணைக்கிற? எங்க எலும்பெல்லாம் ஒறஞ்சு போச்சு."

"ரூம்ல வெக்கையா இருக்கு சித்தி."

"வெக்கையா! வெளிய பனி கொட்டுது. கேஸ மிச்சம் பண்ணி மாமியாருக்குக் கோட்டு வாங்கித் தரப்போறியா? படிச்ச மருமகளே, செத்த வீட்டுல வந்தவங்கள வெறைக்க விடக் கூடாது. அத ஒங்க பொஸ்தகத்துல போடலையா?"

இரண்டு பெண்கள் அழுத முகத்தோடு சிரித்தார்கள். ஷஹ்லோவின் காது சூடாகியது. ஜன்னலைத் திறந்தாள். அது மூடிய தாழ்வாரத்துக்குத்தான் திறந்தது. வெதுவெதுப்பான, ஈரமான காற்று உள்ளே வந்தது. பிளாஸ்டிக் தாளின் உள்பக்கம் முழுக்க நீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. கேஸ் எரிந்த நீராவி. போக வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. அதோடு மற்றதும். ஜன்னலைச் சட்டென்று சாத்தினாள்.

மையித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வந்தது. ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி, கிட்டத்தட்ட ஓடினார்கள். பெண்கள் வாசல் வரை போய், கதறி, நின்றார்கள். அதற்குமேல் பெண்கள் போவதில்லை. தெருமுனையில் இல்ஹோமின் தொப்பி ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து சூப்பும் ரொட்டியும் வந்தன. மூன்று நாளைக்கு இந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஷஹ்லோ முற்றத்தில் கிண்ணங்களைக் கழுவி அடுக்கினாள். பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். இருபதாக இருக்கலாம். வெளியே ஒரு பெண்ணும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முகத்தஸின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஹீட்டர் மறுபடியும் உச்சத்தில் எரிந்தது. யாரும் அழவில்லை. ஒருத்தி கொட்டாவி விட்டாள். பக்கத்திலிருந்தவளும் விட்டாள்.

"தலை வெடிக்குது" என்றாள் பீபிசாரா. "அழுதா இப்படித்தான்."

"எனக்குக் கொமட்டுது" என்றாள் துர்சுனோய். முகம் பளபளவென்று சிவந்திருந்தது. "பஸ்ஸுல வந்தது."

ரோபியா ஹீட்டருக்கு ஒரு கை தூரத்தில், மகள் படுத்திருந்த இடத்திலேயே ஒருக்களித்துச் சாய்ந்திருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. "தூக்கமா வருது மருமகளே" என்றாள் குழறலாக. "நல்லாத்தான் இருக்கு. அவ பக்கத்துல படுத்த மாதிரியே இருக்கு."

ஷஹ்லோ ஹீட்டரை அணைத்தாள். கதவை அகலத் திறந்து, தாழ்வாரத்து மரக்கதவையும் காலால் உதைத்துத் திறந்தாள். பனிக்காற்று விசையோடு உள்ளே வந்தது.

"இவளுக்கென்ன பைத்தியமா!" என்று துர்சுனோய் கத்தினாள். எழுந்து ஹீட்டர் பக்கம் வந்தவளின் கால் மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஷஹ்லோ மாமியாரின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். உடம்பு மூட்டையாகக் கனத்தது. காதருகே குனிந்தாள். பிள்ளைகளுக்கு நடத்துகிற குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெறும் மூச்சுதான் வந்தது.

"அம்மா, எழுந்திரிங்க. அது நூர் இல்ல. இந்த ஹீட்டர்தான். தாழ்வாரத்த மூடினதால வந்தது. எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

ரோபியாவின் கண்கள் திறந்தன. மருமகளைப் பார்த்தாள். பிறகு ஹீட்டரை. பிறகு ஜன்னலுக்கு அப்பால் நீர் வழியும் பிளாஸ்டிக் தாளை. அதை அடித்தவன் யார் என்பது அவள் முகத்தில் வந்து சேர்வதை ஷஹ்லோ பார்த்தாள். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அவனுக்குத் தெரியக் கூடாது."

"அம்மா..."

"தெரியக் கூடாது."

பிறகு ரோபியா குரலெடுத்தாள். காலையிலிருந்து அழாத அழுகை எல்லாம் அதில் இருந்தது. "எனக்கு மூச்சு முட்டுது! எம் பொண்ணு மண்ணுல கெடக்கா, நான் சூட்டுல உக்காந்திருக்கேனா? என்ன வெளிய கொண்டு போங்க! எல்லாரும் வெளிய வாங்க! இந்த வீட்டுல மூணு நாளைக்கு எந்த நெருப்பும் எரியக் கூடாது. எதுவும்! எவளாவது அதத் தொட்டா கைய ஒடிப்பேன்!"

துக்கத்தில் தாய்க்கு என்ன சொல்லவும் உரிமை உண்டு. பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடி முற்றத்துக்கு வந்தார்கள். துர்சுனோய் மல்பெரி மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். எல்லோரையும் எண்ணி முடித்த பிறகு ஷஹ்லோ உள்ளே போய், கேஸ் வருகிற குழாயின் வால்வை மூடி, அதன் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்கு ஆண்கள் திரும்பினார்கள். முற்றத்து மரக்கட்டிலில் ரஜாய்களைப் போர்த்திக்கொண்டு, தலைத்துணியில் பனியோடு பெண்கள் உட்கார்ந்திருந்ததை இல்ஹோம் பார்த்தான். கண்கள் வீங்கி, காலணியில் இடுகாட்டு மண்ணோடு நின்றான்.

"என்னம்மா இது? இந்தக் குளிர்லயா? ஷஹ்லோ, என்ன பண்ணிட்டிருக்க நீ? போ, ஹீட்டரப் பத்த வை."

"நெருப்பு கெடையாது" என்றாள் ரோபியா.

"அடுப்புதாம்மா எரியக் கூடாது. ஹீட்டருக்கு என்ன?"

"நான் சொல்றேன்ல. அப்புறம் அந்தத் தாழ்வாரத்துத் தாளக் கழட்டு. எனக்குக் கண்ணுல பட வேண்டாம்."

"இப்பவா? ஆசப்பட்டுக் கேட்டாம்மா அக்கா. அவளுக்காகத்தானே..."

"அவதான் இல்லையே" என்றாள் ரோபியா. "கழட்டுப்பா."

அம்மாவை எதிர்த்துப் பேச அன்றைக்கு அவனுக்குத் தெம்பில்லை. இடுப்புத் துணியை அவிழ்க்காமலேயே குறடை எடுத்து வந்தான். சமையலறைப் பக்கத்து முனையிலிருந்து தொடங்கினான். ஒவ்வொரு சட்டமாகப் பெயர்ந்து வந்தது. தாள் சரிந்து தரையில் விழ, தேங்கியிருந்த நீர் அவன் கால்மேல் கொட்டியது. துடைக்காமல் அடுத்த சட்டத்துக்கு நகர்ந்தான்.

நடுச் சட்டத்தில் குறடு நின்றது.

அங்கே தாள் மட்டும் நிறம் மாறியிருந்தது. வெந்த தோல் மாதிரி மஞ்சளாகச் சுருங்கியிருந்தது. அதற்கு நேராக, ஒரு சாண் தள்ளி, சுவரிலிருந்து நீண்டிருந்த குழாயின் வாய். இல்ஹோம் தாளைத் தொட்டான். பிறகு குழாயின் வாய்க்கு எதிரே உள்ளங்கையைக் காட்டினான். ஒன்றும் வரவில்லை, வால்வு மூடியிருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

மெல்லத் திரும்பி ஷஹ்லோவைப் பார்த்தான். அவள் கையில் டீக் கிண்ணம் இருந்தது. அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மறுகணம் அவளுக்குத் தோன்றியது. ரோபியா மகனைப் பார்க்காமல், மடியிலிருந்த ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் திரும்பிக்கொண்டான். பிடுங்கிய ஆணிகளைக் கீழே போடுவதை நிறுத்தி, ஒன்றொன்றாக உதடுகளுக்கிடையில் வைத்துக்கொள்ளத் தொடங்கினான். பட்டறையில் வேலை பார்க்கும்போது வைத்துக்கொள்வது போல. நாலு, ஐந்து, ஏழு.

அடக்கத்துக்கு வர முடியாமல் போன மேலத்தெரு டிரைவர் அப்போதுதான் வாசலில் நுழைந்தார். கைகளை ஏந்தித் துஆ ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டு, தாழ்வாரத்தருகே வந்தார்.

"மார்க்கெட்ல நேத்துதான்யா பாத்தேன், நல்லாத்தானே இருந்தாங்க" என்றார். "எப்படிப்பா ஆச்சு?"

இல்ஹோம் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அடுத்த ஆணியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான்.